மணிமுத்தாற்றில் போட்ட பொன்

சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் ரயில் பாதையில் ஒரு விசேஷம் உண்டு. வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல் என்று கிழக்கே போகப் போக, மழைநீரும் உங்களோடு கூடவே கிழக்கே வருகிறது. ஆத்தூர்ப் பக்கம் வசிஷ்ட நதி. அதோடு சுவேத நதி சேர்ந்தால் வெள்ளாறு. சின்னசேலம் தாண்டும்போது இடது பக்கத்தில் நீலமாகத் தெரிகிற கல்வராயன் மலையிலிருந்து இறங்குவது மணிமுத்தாறு. அது விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு போய் வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது.

நான் குன்னூர்க்காரன். எங்கள் ஊரில் ஆபத்து தலைக்கு மேலிருந்து வரும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வெயில் அடித்தால்கூட மலைச்சரிவை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் எங்களுக்கு வந்தது. சமவெளிக்காரர்கள் எதைப் பார்த்துப் பயப்படுவார்கள் என்பது அதுவரை எனக்குப் புரியாத விஷயம். கடலூர் மாவட்டத்தின் பெயர் செய்தியில் வராத மழைக்காலமே இல்லை. ஏன் என்று வரைபடத்தை விரித்துப் பார்த்தால் தெரியும். வடக்கே தென்பெண்ணை, கெடிலம், நடுவில் வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். தமிழ்நாட்டின் பாதி மலைகளில் பெய்கிற மழை வடியும் வாசல் இந்த மாவட்டம். அங்கே தண்ணீர் ஏறினால் யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள், அவர்களுக்குச் சம்பளமும் படகும் எந்தக் கணக்கிலிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்ளத்தான் புறப்பட்டேன். கடற்கரைக்குப் போகாமல், அதே மாவட்டத்தின் உள்ளே இருக்கும் விருத்தாசலத்தைத் தேர்ந்தெடுத்தேன். கடலோர ஊர்களுக்காவது கேமராக்கள் வருகின்றன. உள்நாட்டு ஊர்களுக்கு வெறும் தண்ணீர் மட்டும்தான் வருகிறது.

விருத்தாசலம் ஜங்ஷன் பெரிய சந்திப்பு. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நான்கு திசைக்கும் இங்கிருந்து ரயில் பிரிகிறது. வெளியே வந்ததும் பேருந்து நிலையத்து வழக்கமான சந்தடி. பலாப்பழமும் முந்திரிக்கொட்டையும் நிலக்கடலையும் இந்தப் பகுதியின் செல்வம். விஆர்ஐ என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்கள் எல்லாம் இவ்வூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. ஆனால் தமிழ்நாட்டுக்கு இது பீங்கான் நகரம்.

முதலில் கோயிலுக்குப் போனேன். பழமலைநாதர் கோயிலில் எல்லாம் ஐந்து: ஐந்து கோபுரம், ஐந்து பிரகாரம், ஐந்து கொடிமரம், ஐந்து நந்தி. நுழைந்ததும் தரைமட்டத்துக்குக் கீழே படி இறங்கிப் பார்க்க வேண்டிய ஆழத்துப் பிள்ளையார். 'காசிக்கு வீசம் கூட' என்று ஊர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். எனக்குப் பிடித்தது பொன் கதை. சுந்தரர் இங்கே பாடிப் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். வழியில் கள்ளர் பயம். 'இங்கே மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்' என்றார் இறைவன். போட்டார். திருவாரூரில் எடுத்தபோது பொன்னின் மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடிய பிறகுதான் பழைய மாற்று திரும்பியது. 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்று நாம் கேலியாகச் சொல்வதற்கு மூலம் இந்தக் கதை. இந்த ஊரை விட்டுக் கிளம்பும்வரை அது என்னை விடவில்லை.

பீங்கான் பட்டறைகள் ஊருக்கு வெளியே வரிசையாக இருக்கின்றன. அரசு செராமிக் பயிலகம் ஒன்று இங்கே பல தலைமுறைகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அரசின் சிமெண்ட் கழகம் நடத்தும் கல்சுதைக் குழாய் ஆலையும் இங்கேதான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே கிடைப்பதால் வளர்ந்த தொழில் இது. நான் நுழைந்த பட்டறையில் ஏழெட்டுப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டுகளை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஓர் அம்மா பிளாஸ்டிக் குடத்திலிருந்து கஞ்சி பதத்தில் கரைத்த களிமண்ணை ஒவ்வொரு மோல்டிலும் விளிம்பு வரை ஊற்றிக்கொண்டே போனார். மோல்டு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, சுவரோரமாக மண் படிந்து தோல் கட்டுகிறது. போதுமான தடிப்பு வந்ததும் நடுவில் மிஞ்சிய குழம்பைத் திரும்பக் குடத்தில் கவிழ்த்துவிடுகிறார்கள். பட்டையை அவிழ்த்து மோல்டைப் பிரித்தால் உள்ளே ஈரமாக ஒரு பிள்ளையார். பிசிறைக் கத்தியால் சீவி, ஈரத்துணியால் ஒற்றி, பலகையில் வைக்கிறார்கள். காய வேண்டும். பிறகு சூளை, பிறகு பளபளப்புப் பூச்சு, மறுபடி சூளை.

"காயணும்ங்கிறதுலதான் சார் எல்லாம் இருக்கு" என்றார் பட்டறை முதலாளி. அறுபது வயதுக்காரர். "கார்த்திகை தீபத்துக்கு அகல் கேட்டு ஆர்டர் வர்ற மாசம் எது? ஐப்பசி, கார்த்திகை. மழையும் புயலும் வர்ற மாசம் எது? அதே ஐப்பசி, கார்த்திகை. வியாபாரமும் தண்ணியும் ஒண்ணாத்தான் வரும்." ஈரம் போகாத பொம்மையைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். சூளையே நனைந்துவிட்டால் அந்த வருஷமே போச்சு. அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, மின்சார ஃபியூஸ் கட்டை என்று இங்கே செய்யப்படுகிற எதுவும் தண்ணீரோடு ஒத்துப்போகாது, வெந்து முடியும் வரை.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதுதான் மலைக்காரனான எனக்கு முதல் வியப்பு. "இங்க மழையே இருக்காது சார். வானம் வெளுத்துக் கெடக்கும். பிள்ளைங்க தெருவுல வெளையாடும். ஆத்துல மட்டும் தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும். அது நேத்து மேக்க பேஞ்ச மழ." எங்களுக்கு ஆபத்து இடிச் சத்தத்தோடு வரும். இவர்களுக்கு நேற்றைய மழை, இன்றைய வெயிலில், ஓசையில்லாமல் வருகிறது.

அதாவது, எச்சரிக்கைக்கு நேரம் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. கடலூர் மாவட்டம் உண்மையில் மூழ்கியது அதற்குப் பின்னால். உள்ளே போன புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.68 லட்சம் கன அடி திறக்க வேண்டிவந்தது. எல்லா நேரமும் இப்படி அவகாசம் கிடைப்பதில்லை. 2015 நவம்பரில் நெய்வேலிப் பக்கம் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தபோது பண்ருட்டிப் பக்கத்து விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடை உடைத்துக்கொண்டு வந்து வீடுகளோடு ஆட்களை அடித்துப் போனது. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல் வேறு மாதிரி. தண்ணீரைவிடக் காற்றுதான் அழித்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிராமச் சாலைகளை அடைத்துக்கொண்டன. அந்த வேளையில் முதல் மீட்புக் கருவி மரம் அறுக்கும் இயந்திரம்தான். 2004 சுனாமியில் இந்த மாவட்டக் கடற்கரையில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே மாவட்டத்துக்கு நான்கு விதமான ஆபத்து. நான்கிற்கும் வேறு வேறு கருவி, வேறு வேறு கைகள் வேண்டும்.

அந்தக் கைகளைத் தேடி ஒரு தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். துறையின் பெயரே இப்போது தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. வண்டிக் கொட்டகையில் சிவப்பு வண்டி. சுவரோரம் ஏணிகள். மூலையில் காற்றிறக்கி மடித்த ரப்பர் படகு, மேலே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் அடுக்கு. ஒரு வீரர் கயிற்றை எடுத்து என் கண்முன்னே முடிச்சுப் போட்டுக் காட்டினார். கயிற்றின் நுனியைத் தன் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு கண்ணி, அதற்குள் நுழைத்து, பின்னால் சுற்றி, மறுபடி அதே கண்ணிக்குள். இழுத்தால் இறுகும், ஆனால் வயிற்றை நசுக்காது. மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. "இருட்டுல, தண்ணிக்குள்ள, கண்ண மூடிக்கிட்டுப் போடணும் சார். அதுக்குத்தான் பகல்ல தெனம் போடறது."

வருகிற அழைப்புகளில் தீ குறைவு என்றார். கிணற்றில் விழுந்த பசு, வீட்டுக்குள் வந்த பாம்பு, கதண்டுக் கூடு, சாலை விபத்தில் வண்டிக்குள் சிக்கியவர், ஆற்றில் குளிக்கப் போய்த் திரும்பாத பையன். இந்தப் பட்டியலைக் கேட்டபோது எனக்கு ஒன்று பட்டது. பேரிடர் மீட்புக்குத் தேவையான எல்லாத் திறமையும் இந்தச் சின்னச் சின்ன அழைப்புகளில்தான் தினமும் கூர் தீட்டப்படுகிறது. கிணற்றில் இறங்கி மாட்டுக்குக் கயிறு கட்டுகிறவர், வெள்ளத்தில் கூரை மேல் நிற்கும் பாட்டிக்கும் கட்டுவார்.

சரி, ஆறு கரையை உடைத்துவிட்டது. அப்புறம்? ஏற்பாடு கீழிருந்து மேலே போகிறது. கிராம நிர்வாக அலுவலரும் கிராம உதவியாளரும் தாசில்தாருக்குச் சொல்வார்கள். விருத்தாசலம் ஒரு வருவாய்க் கோட்டம் என்பதால் அடுத்தது இங்கேயே இருக்கும் கோட்ட அலுவலகம். அங்கிருந்து கடலூர் ஆட்சியர் அலுவலகம், அங்கே 1077 என்ற எண்ணில் இரவும் பகலும் இயங்கும் கட்டுப்பாட்டு அறை. அதற்கும் மேலே சென்னை எழிலகத்தில் வருவாய் நிர்வாக ஆணையரகமும் 1070 எண்ணில் மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையமும். முதலமைச்சர் தலைமையில் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம். உள்ளூர்க் கைகள் போதாது என்று தெரிந்ததும் ஆட்சியர் கேட்பார், மாநிலம் அனுப்பும். மாநிலத்திடமும் போதாவிட்டால் அரக்கோணம்.

அரக்கோணத்தில் இருப்பது தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆம் பட்டாலியன். இந்தப் படையின் பிறப்பே சுனாமிக்குப் பிறகுதான். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம், அதன்படி 2006இல் படை. தொடக்கத்தில் இதன் வீரர்களை மற்ற பாதுகாப்பு வேலைகளுக்கும் எடுத்தார்கள். 2008 பிப்ரவரிக்குப் பிறகுதான் இது மீட்பு வேலைக்கு மட்டுமே உரிய படை ஆனது. இன்று நாடு முழுதும் 16 பட்டாலியன்கள். ஒவ்வொன்றிலும் 1,149 பேர். அவர்களுக்குள் நாற்பத்தைந்து பேர் அளவிலான 18 குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் பொறியாளர், மின்பணியாளர், மருத்துவ உதவியாளர், மோப்ப நாய் எல்லாரும் அடக்கம். யாரிடமும் எதையும் கேட்காமல் தனித்து இயங்கத்தக்க குழு. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் போன்ற மத்தியப் படைகளிலிருந்து ஆட்களை எடுக்கிறார்கள். அரக்கோணத்தில் இருப்பவர்கள் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர். செலவு முழுதும் மத்திய உள்துறையுடையது.

இவர்களின் கைவண்ணத்தைத் தமிழ்நாடு நேரில் கண்டது 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில். கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள். ஆனால் கான்கிரீட் பலகைகளுக்கு இடையில் துளை போட்டு, நாயை விட்டு மோப்பம் பிடித்து, உள்ளே ஓசை கேட்கிறதா என்று காது வைத்து, நாள்கணக்கில் தேடி உயிரோடு எடுத்தவர்களும் இருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்கும் இந்தப் படையின் குழுக்கள் போய் இடிபாட்டுக்குள்ளிருந்து சிறுமியை மீட்டன. அவர்களின் திறமையில் எனக்கு எள்ளளவும் ஐயம் இல்லை.

தூரம்தான் உறுத்துகிறது. அரக்கோணத்திலிருந்து விருத்தாசலம் சாலை வழியாகச் சுமார் 200 கி.மீ. மழை இல்லாத நாளில், தடை இல்லாத சாலையில் நான்கு மணி நேரம். ஆனால் அவர்களை மழை இல்லாத நாளில் யாரும் கூப்பிடுவதில்லை. இந்த ஒரு பட்டாலியன் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. கேரளம், புதுச்சேரி, அந்தமான் தீவுகள், லட்சத்தீவு எல்லாம் அதன் பொறுப்பு. அதனால்தான் புயல் எச்சரிக்கை வந்ததும் குழுக்களை முன்கூட்டியே கடலூர், நாகப்பட்டினம் என்று கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். புயல் முன்னறிவிப்போடு வருகிறது. ஓடை உடைப்பு முன்னறிவிப்போடு வருவதில்லை.

அப்படியானால் மாநிலத்துக்கென்று ஒரு படை? உண்டு. ஒவ்வொரு மாநிலமும் தன் போலீஸிலிருந்து ஒரு பட்டாலியன் அளவுக்காவது மீட்புப் படை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று 2009 தேசியப் பேரிடர் கொள்கையே சொல்கிறது. தமிழ்நாடு, சிறப்புக் காவல் படையிலிருந்து 80 பேரைத் தேர்ந்தெடுத்து, அரக்கோணத்தில் பயிற்சி கொடுத்து, தன் பேரிடர் மீட்புப் படையைத் தொடங்கியது. 2024இல் வயநாட்டில் மலை சரிந்தபோது தமிழ்நாடு 5 கோடி ரூபாயோடு தீயணைப்பு வீரர் 20 பேர், மாநில மீட்புப் படையினர் 20 பேர், மருத்துவக் குழு 10 பேர் என்று அனுப்பிவைத்தது. அண்டை மாநிலத்துக்கு ஓடிப்போய் உதவும் மனமும் பயிற்சியும் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 38 மாவட்டமும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரையும் உள்ள மாநிலத்தில், எண்பது என்று தொடங்கிய படை எத்தனை ஆற்றங்கரையில் நிற்க முடியும்?

இந்த இடத்தில்தான் பணம் வருகிறது. பொன் கதையும் வருகிறது.

பேரிடருக்கான பணம் நம் வரியிலிருந்து போகிறது. நிதிக்குழு பங்கு பிரிக்கிறது. 15ஆம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரை எல்லா மாநிலங்களுக்குமாக ஒதுக்கியது 1,60,153 கோடி ரூபாய். தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலப் பங்கு 25 சதவீதம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90க்கு 10. இந்த நிதியை நூறு ரூபாயாக வைத்துக்கொள்ளுங்கள். 40 ரூபாய் நிவாரணத்துக்கு: இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம், உணவு, முகாம், பயிர் இழப்பீடு எல்லாம் இதில். 30 ரூபாய் மறுகட்டமைப்புக்கு. 20 ரூபாய் ஆபத்தை முன்கூட்டியே தணிக்கும் வேலைகளுக்கு. மிச்சம் 10 ரூபாய்தான் தயார்நிலைக்கு. மீட்புக் கருவி, பயிற்சி, கட்டுப்பாட்டு அறை எல்லாம் இந்தப் பத்து ரூபாய்க்குள்.

ஃபெஞ்சலுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். மாநிலம் உடனடியாக 2,000 கோடி கேட்டது. 2024 டிசம்பர் 6 அன்று மத்திய அரசு 944.80 கோடியை விடுவித்தது. தலைப்புச் செய்தியாக வந்தது. ஆனால் அது ஃபெஞ்சலுக்கென்று புதிதாகத் திறந்த பெட்டி அல்ல. அந்த நிதியாண்டுக்கு ஏற்கெனவே நமக்கு உரிய மத்தியப் பங்கின் இரண்டு தவணைகள். புயலுக்கென்று தேசியப் பேரிடர் நிதியிலிருந்து தனியாக 522.34 கோடி ஒப்புதல் ஆனது 2025 ஏப்ரலில். ஆற்றில் போட்ட பொன் குளத்தில் கிடைக்கத்தான் செய்தது. வருகிறபோது வெள்ளம் வடிந்து, கோடை தொடங்கி, அடுத்த வருஷக் கார்த்திகைக்கு அகல் விளக்குக் களிமண் குழைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

இதில் யாரையும் திட்டிப் பயனில்லை. சேதத்தைக் கணக்கெடுக்க மத்தியக் குழு வர வேண்டும், அறிக்கை தர வேண்டும், உயர்மட்டக் குழு கூட வேண்டும். பொதுப்பணத்துக்கு மாற்று உரைத்துப் பார்க்கத்தான் வேண்டும். என் கேள்வி வேறு. இழப்பீட்டுப் பணம் நாலு மாதம் கழித்து வந்தாலும் அது பணம்தான். நாலு மணி நேரம் கழித்து வருகிற படகு படகே அல்ல. இரண்டையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதினால், பெரிய தொகை கேட்கிற நிவாரணம் முன்னால் வந்து நிற்கும். சின்னத் தொகை கேட்கிற மீட்பு பின்வரிசைக்குப் போகும். 944.80 கோடி 75 சதவீதம் என்றால், மாநிலப் பங்கும் சேர்த்து அந்த ஆண்டின் நிதி சுமார் 1,260 கோடி. தணிப்பு வேலைக்கான 20 ரூபாய் இதில் சேராது. மீதி 80இல் 10 என்ற கணக்கில், அதில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 157 கோடி, தயார்நிலைக்கு உரியது. கருவி வாங்க, பயிற்சி தர இது கைகொடுக்கும். ஆனால் ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்து வருஷம் முழுக்கத் தயாராக நிறுத்தி வைப்பது மாநிலத்தின் சொந்தப் பட்ஜெட் வேலை. படகு கிடைக்கும், துடுப்புப் போட ஆள் இருக்காது என்ற நிலை இங்கேதான் பிறக்கிறது.

மறுநாள் கூடலையாற்றூர் போனேன். மணிமுத்தாறும் வெள்ளாறும் கூடுகிற இடம். முதுகுன்றம் என்ற விருத்தாசலத்துக்கு வழி கேட்ட சுந்தரரை இறைவன் இந்த ஊருக்குத் திருப்பிவிட்டதாகக் கதை. ஆறு அகலமாக, மணலும் வேலிகாத்தானுமாகக் கிடந்தது. நடுவில் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர். இதிலா வெள்ளம் வரும் என்று கேட்கத் தோன்றியது. கரையோரக் கிராமம் ஒன்றில் மகளிர் குழுவைச் சேர்ந்த ஓர் அக்கா பேசினார். முதல்நிலை மீட்பாளர் பட்டியலில் தன் பெயர் இருக்கிறது என்றார். தமிழ்நாட்டில் இப்படி 65,000 பேருக்கு மேல் பெயர் பதிவாகியிருக்கிறது. பெண்களும் ஆயிரக்கணக்கில் உண்டு.

"என்ன செய்வீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"எந்த வீட்ல நடக்க முடியாத கெழவி இருக்கு, எந்த வீட்ல நெறமாசப் பொண்ணு இருக்கு, எந்த வீட்ல மாட்ட விட்டுட்டு வரமாட்டேன்னு அடம் புடிப்பாங்க, எல்லாம் எனக்குத் தெரியும் தம்பி. படகு வந்தா நேரா எங்க போவணும்னு நான்தான காட்டணும்."

அரக்கோணத்துக் குழுவிடம் எந்தக் கருவி வேண்டுமானாலும் இருக்கலாம். இந்தத் தகவல் இருக்காது. மத்திய அரசின் ஆப்தா மித்ரா திட்டத்தில் தமிழ்நாட்டின் 16 மாவட்டங்களில் 5,500 தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி தந்தார்கள். ஹெல்மெட், டார்ச், கயிறு, லைஃப் ஜாக்கெட் அடங்கிய பை, மூன்றாண்டுக் காப்பீடு. நல்ல தொடக்கம். ஆனால் நீச்சலும் முடிச்சும் வருஷா வருஷம் பழகாவிட்டால் மறந்துபோகும். பயிற்சி முடிந்த பிறகு இவர்களை யார் கூப்பிட்டு மறுபடி ஆற்றில் இறக்குவது? அதற்கு ஓர் ஊர், ஒரு நிலையம், ஓர் அதிகாரி வேண்டும்.

வெளிநாடுகளில் இதற்கு இரண்டு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 28 நகர்ப்புறத் தேடல் மீட்புக் குழுக்கள். பெரும்பாலானவை ஏதாவது ஓர் ஊரின் தீயணைப்புத் துறையோடு சேர்ந்தவை. சாதாரண நாளில் உள்ளூர்த் தீயை அணைப்பார்கள். பேரிடரில் எழுபது பேராகக் கிளம்புவார்கள். கருவிக்கும் பயிற்சிக்கும் மத்திய அரசு பணம் தருகிறது. ஆள் உள்ளூர், பணம் டெல்லி என்று நம் பாஷையில் சொல்லலாம். ஜெர்மனியில் 1950இல் தொடங்கிய தொழில்நுட்ப உதவிப் படை. மத்திய அரசின் அமைப்பு, ஆனால் அறுநூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் கிளை. உறுப்பினர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே தன்னார்வலர்கள்: தச்சர், எலெக்ட்ரீஷியன், லாரி ஓட்டுநர். வெள்ளத்துக்குக் கிளம்பும் நாளுக்கு அவர்களுடைய சம்பளத்தை முதலாளிக்கு அரசு ஈடுகட்டுகிறது. இரண்டு நாட்டிலும் பொது அம்சம் ஒன்றுதான். குழு ஆபத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது, பணம் ஆபத்துக்கு முன்னால் வந்துசேர்கிறது.

நம்மிடம் இல்லாதது எதுவும் இதில் இல்லை. 2015 வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்குள் படகு கொண்டுவந்தவர்கள் மீனவர்கள். அவர்களுக்கு யாரும் முடிச்சுப் போடக் கற்றுத்தரவில்லை. 2018இல் கேரளத்திலும் அதுவே நடந்தது. கடலூர்க் கடற்கரையில் அந்தக் கைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. தீயணைப்பு நிலையங்கள் உண்டு. பட்டியலில் பெயர் உள்ள அக்காக்கள் உண்டு. நெய்வேலியில் பெரிய இயந்திரங்களும் அவற்றை இயக்கத் தெரிந்த ஆட்களும் உண்டு. விருத்தாசலத்தில் நான்கு திசைக்கும் பிரியும் ரயில் பாதை உண்டு. இவற்றை ஒன்றாகக் கட்டும் ஒரு கண்ணி மட்டும்தான் இல்லை.

என் தீர்ப்பு இது. மாநிலப் பேரிடர் மீட்புப் படையைத் தலைநகரின் பக்கத்தில் குவித்து வைக்காமல், ஆற்றுப்படுகை வாரியாகப் பிரிக்க வேண்டும். தென்பெண்ணைக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் விருத்தாசலம் போன்ற ஓர் ஊரில், வருஷம் முழுக்கச் சம்பளம் வாங்குகிற நாற்பது ஐம்பது பேர் கொண்ட நிரந்தரக் குழு இருக்க வேண்டும். அவர்கள் தீயணைப்பு நிலையத்தோடு சேர்ந்து தினமும் கிணற்றிலும் சாலையிலும் வேலை பார்க்கட்டும். ஆடி, ஆவணியில் ஊர் ஊராகப் போய் முதல்நிலை மீட்பாளர்களை ஆற்றில் இறக்கிப் பழக்கட்டும். அவர்களுக்கான பணம் நிவாரணக் கணக்கோடு கலக்காமல் மாநிலப் பட்ஜெட்டில் தனித் தலைப்பில் இருக்கட்டும். மாநிலத்தின் மொத்தப் பேரிடர்ச் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பத் தொகை.

விருத்தாசலத்துக்கு அவசியம் போய் வாருங்கள். சேலம் ரயிலிலேயே போங்கள், அகல் வாங்குங்கள், ஆழத்துப் பிள்ளையாரைப் படி இறங்கிப் பாருங்கள். அப்படியே உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு நடை போய், படகு இருக்கிறதா, அதை ஓட்ட எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ஆற்றில் போட்ட பொன் நம்முடையது.